குழாய் காலி, முயல் பரம சுகம்

உங்கள் வீட்டில் ஒரு மீன் தொட்டியோ, ஒரு ஜோடி லவ் பேர்ட்ஸோ, ஒரு முயலோ, குறைந்தபட்சம் உங்களைப் பார்த்து வாலாட்டுகிற ஏதாவது ஒன்றோ இருந்தால் இந்த இனத்தை உங்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அவரே வந்து அறிமுகப்படுத்திக்கொண்டிருப்பார். உங்களிடம் ஒரு ஜீவனும் இல்லையா? தீப்பெட்டியில் ஒரு பொன்வண்டைப் பிடித்து வைத்துப் பாருங்கள். சாயங்காலத்துக்குள் காலிங்பெல் அடிக்கும்.

பிராணி நல ஆலோசகர் என்று பெயர். மிருக டாக்டரோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். டாக்டரை மிருகம் கடிக்கும். இவரைக் கடிக்காது. கடிக்கிற தூரத்துக்கு இவர் போகவே மாட்டார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கூண்டுக்கு முன்னால் லேசாகக் குனிந்து, கல்யாண மண்டபத்தில் பந்தி சரியில்லை என்று பார்க்க வந்த சம்பந்தி மாதிரி மேலிருந்து கீழ்வரை ஒரு நோட்டம் விட்டு, நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி 'ச்சொ' என்று ஒரு சத்தம் எழுப்புவார். அந்த 'ச்சொ'வில் நீங்கள் பாதி குற்றவாளி. மீதிப் பாதிக்கு ஒரு கேள்வி கேட்பார்.

"தண்ணி கிண்ணத்துல வெக்கறீங்களா, பாட்டில்லயா?"

கிண்ணம் என்று சொல்லுங்கள்: கிண்ணத்தில் தூசி விழும். பாட்டில் என்று சொல்லுங்கள்: கழுத்தைத் தூக்கிக் குடிப்பது இயற்கைக்கு விரோதம். இரண்டும் வைக்கிறோம் என்று சொன்னால்? "அதுக்குக் குழப்பமா இருக்குமுங்களே" என்பார். இந்தக் கேள்விக்குச் சரியான விடை உலகத்தில் கிடையாது. இன்டர், அதாவது நம்மூர் பிளஸ் டூ, கணக்குப் பரீட்சையில் இரண்டு முறை குப்புற விழுந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அதுகூட இவ்வளவு மோசமில்லை.

இன்னொரு அடையாளம், முக்கியமானது. இவர் வீட்டில் எந்தப் பிராணியும் இருக்காது. ஒரு பல்லி வந்தால்கூட மனைவியைக் கூப்பிடுவார்.

இந்த இனத்தின் முழு வளர்ச்சி அடைந்த ஒரு மாதிரி எங்கள் அபார்ட்மெண்டிலேயே மூன்றாவது மாடியில் இருந்தது. ஹைதராபாத்தில், உப்பலில் எங்கள் அபார்ட்மெண்ட். பாதிக்குப் பாதி தமிழ்க் குடும்பங்கள், ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு ஜில்லாத் தமிழ், லிஃப்ட்டில் மட்டும் எல்லோரும் இங்கிலீஷ். தண்டபாணி அங்கிள் கோயம்புத்தூர்க்காரர். ஹைடெக் சிட்டியில் ஒரு கம்பெனியில் பெரிய வேலை. அவர் புரோகிராம் எழுத மாட்டார். எழுதுகிறவர்கள் முறைப்படி எழுதினார்களா என்று பார்ப்பார். அவர் பார்த்துப் பார்த்துத்தான் அந்தக் கம்பெனிக்கு 'லெவல் ஃபைவ்' என்று ஒரு பட்டம் கிடைத்ததாம். இதை அவர் சொல்லி எனக்குத் தெரியும், என் அப்பாவுக்குத் தெரியும், தண்ணி லாரி டிரைவருக்கும் தெரியும்.

அப்படிப்பட்டவர் ஒரு சனி ஞாயிறு, கூண்டில் வளர்கிற பிராணிகளை நன்றாக வைத்துக்கொள்வது எப்படி என்று ஒரு பயிற்சி வகுப்புக்குப் போனார். மிருகக்காட்சி சாலைகளிலேயே தலை நரைத்த ஒரு அம்மா வெளியூரிலிருந்து வந்து நடத்திய வகுப்பு. கம்பெனியில் சமூக சேவைக்குப் புள்ளி போடுகிறார்கள் என்று அங்கிள் போனார். மத்தியானம் சாப்பாடு உண்டு என்று அவர் மனைவி சௌம்யா ஆன்ட்டியும் போனார். முதல் பாடம் நடந்தபோது, வெள்ளிக்கிழமை ராத்திரியும் தூங்காத ஏதோ ஒரு அமெரிக்காக்காரனோடு அங்கிள் வராந்தாவில் போனில் இருந்தார். இரண்டாவது பாடத்துக்கு உள்ளே வந்தார். ஞாயிறு சாயங்காலம் ஒரு சர்டிபிகேட்டோடு திரும்பினார். திங்கட்கிழமை காலை லிஃப்ட்டில் என்னைப் பிடித்தார்.

"தம்பி, பிராணிகளுக்கு அஞ்சு சுதந்திரம். தெரியுமா?"

"தெரியாது அங்கிள்."

கட்டை விரலை மடக்கினார். பசி தாகம் இல்லாமல் இருப்பது. ஆள்காட்டி விரல், வசதியான இடம். நடுவிரல், நோய் வலி இல்லாதது. மோதிர விரல், பயம் இல்லாதது. சுண்டு விரலுக்கு வந்தபோது அவர் குரலே மாறிவிட்டது. "இயல்பா நடந்துக்கற சுதந்திரம்! பறக்கறது பறக்கோணும், தோண்டறது தோண்டோணும், தேடறது தேடோணும். இதைத்தான் நம்ம ஜனங்க குடுக்கறதே இல்லை."

அவர் சொன்னது ஒன்றும் தப்பில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த இனம் சொல்வதில் முக்கால்வாசி சரியாகவே இருக்கும். அதுதான் ஆபத்து. முழுக்கத் தப்பாகப் பேசுகிறவனை நாம் தெருவில் நிறுத்தி வைப்போம். முக்கால்வாசி சரியாகப் பேசுகிறவருக்கு நாற்காலி போட்டு, காபி கொடுத்து, கூண்டுச் சாவியையும் கையில் கொடுத்துவிடுவோம்.

முதல் ஆய்வு லாபியில் இருந்த மீன் தொட்டி. வாஸ்துப்படி வடகிழக்கில் வைத்தது. தொட்டிக்குள் பிளாஸ்டிக் செடியை எடுத்துவிட்டு நிஜச் செடி வைக்கச் சொன்னார், வைத்தார்கள், மீன் அதைத் தின்றது, எல்லோருக்கும் சந்தோஷம். இரண்டாவது, மொட்டை மாடியில் இர்பான் அண்ணனின் புறாக்கள். இர்பான் அண்ணன் வாணியம்பாடிக்காரர், அமீர்பேட்டில் ஜாவா சொல்லிக்கொடுக்கிறார். எனக்கும் சொல்லிக்கொடுத்தார், அது வேறு சோகம். இருபது வருஷமாக இந்த ஊரில் இருப்பதால் பாதி ஹைதராபாத்காரர் ஆகிவிட்டவர், ஆமாம் என்பதற்கு 'ஹவ்' என்பார்.

"ஏனுங்க இர்பான், இதுகளுக்கு போர் அடிக்குதுங்க. மூஞ்சியப் பாருங்க."

"ஹவ் சார், ஹவ். ரொம்ப போர். காலைல நான் தொறந்து உடுறேன், சார்மினார் வரைக்கும் போயி சுத்திட்டு சாயந்தரம் அதே போர்க்குத் திரும்பி வருதுங்க."

"அது பழக்கதோஷம்."

"அப்போ நீங்க சாயந்தரம் வூட்டுக்கு வர்றது, சார்?"

அங்கிள் அதற்குப் பிறகு மொட்டை மாடிப்படி ஏறவில்லை. பறக்கிற பிராணியும் திருப்பிப் பேசுகிற சொந்தக்காரரும் ஆலோசகர்களுக்கு ஒத்துவராது. அவர்களுக்கு வேண்டியது ஓடாத பிராணி, பேசாத சொந்தக்காரர். இரண்டும் ஒரே இடத்தில் கிடைத்தது. தரைத்தளம், ஜெனரேட்டர் ரூமுக்குப் பின்னால். நக்கோ.

நக்கோ ஒரு முயல். வெள்ளை, ஒரு காதில் மட்டும் மசி கொட்டியது மாதிரி கறுப்பு. அபார்ட்மெண்டுப் பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து கேட்டு அசோசியேஷன் வாங்கிக் கொடுத்த முயல். வந்த அன்றைக்கு எதை நீட்டினாலும் மூக்கைத் திருப்பிக்கொண்டது. இந்த ஊர் உருதுவில் வேண்டாம் என்பதற்கு 'நக்கோ' என்பார்கள், அதுவே பெயராகிவிட்டது. அப்புறம் பிள்ளைகள் ஒவ்வொன்றாக ஐ.ஐ.டி. கோச்சிங்குக்குப் போயின. காலை ஐந்து மணிக்குப் போய் இருட்டிய பிறகு வருகிற பிள்ளைக்கு முயல் எங்கே ஞாபகம் இருக்கும்? முயல் தனியாயிற்று. அதை எடுத்துப் பார்த்துக்கொண்டவர் தரைத்தளத்து ஆக்னஸ் டீச்சர்.

டீச்சர் நாகர்கோவில்காரர். கணவர் கிடையாது, பிள்ளை துபாயில். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் புடவையைக்கூட மாற்றாமல் கூண்டைத் திறந்து, நக்கோவை வெளியே விட்டு, பக்கத்தில் மோடா போட்டு உட்கார்ந்து பரீட்சைப் பேப்பர் திருத்துவார். இடையிடையே பையன்கள் எழுதிய விடைகளை அதனிடம் வாசித்துக் காட்டுவார். "கேட்டியா, தாஜ்மகாலைக் கட்டுனது கொத்தனாராம். தப்புன்னு எப்பிடி மக்களே போடது?" நக்கோ காதை ஆட்டும். பையனுக்கு அரை மார்க் கிடைக்கும்.

அதற்கு வயதாகிவிட்டது. மெதுவாகத் தின்னும். கீரையைக் கையில் வைத்துக் கிள்ளிக் கிள்ளிக் கொடுத்தால் தின்னும். டீச்சர் பள்ளிக்கூடத்தில் இருக்கிற நேரம் அதைக் கிள்ளிக் கொடுத்தது யார் என்று கேட்காதீர்கள். "ஒரு கட்டு கொத்தமல்லி வாங்கினா ரசத்துக்கு நாலு எலை மிஞ்ச மாட்டேங்கறதே, எங்கடா போறது பத்ரி, இந்தாத்துல?" என்று என் அம்மா அபயாம்பாள் தினமும் ஃப்ரிட்ஜைப் பார்த்துக் கேட்பாள். எனக்கு எப்படித் தெரியும்? நான் அந்த நேரத்தில் ஜாவா படித்துக்கொண்டிருந்தேன், ஜெனரேட்டர் ரூமுக்குப் பின்னால்.

அங்கே தண்டபாணி அங்கிள் வந்து நின்றார். 'ச்சொ'.

"டீச்சர், இது யாருங்க வெச்ச பேரு? நக்கோன்னு. ரொம்ப நெகட்டிவ்வா இருக்குதுங்களே. ஜாய்னு மாத்திருவோம்."

"மாத்துங்க சார். கூப்பிட்டா திரும்புதான்னு பாப்பம்."

"ஜாய்!"

நக்கோ திரும்பவில்லை. அங்கிள் விடுகிற ஆள் இல்லை. அடுத்த ஞாயிறு அசோசியேஷன் கூட்டத்தில் கம்ப்யூட்டரைச் சுவரில் காட்டி, கலர் கலராகக் கட்டம் போட்டு, ஒரு மணி நேரம் பேசினார். கூண்டு சின்னது, பெரிதாக வேண்டும், சரி. தரையில் கம்பி கூடாது, காய்ந்த புல் போட வேண்டும்; ரொம்பச் சரி, நானே கை தட்டினேன். வெயில் படக்கூடாது, சரி. அப்புறம் சுண்டு விரலுக்கு வந்தார். காட்டு முயல் சாப்பாட்டைத் தேடித் தின்கிறது. நாம் மூக்குக்கு நேரே நீட்டுகிறோம். அதனால்தான் இந்த முயல் மந்தமாக இருக்கிறது. இனிமேல் தீனியை அட்டைக் குழாய்களுக்குள் அடைத்து, இரண்டு முனையிலும் பேப்பரைத் திணித்து, கூண்டுக்குள் அங்கங்கே ஒளித்து வைக்க வேண்டும். அது தேடும், இழுக்கும், பிரிக்கும், மூளை வேலை செய்யும்.

"கையால மட்டும் யாரும் குடுக்கக் கூடாதுங்க. குடுத்தா தேடற பழக்கமே போயிரும்."

கூட்டத்தில் யாரும் முயலைப் பார்த்தவர்கள் இல்லை. ஏகமனதாக நிறைவேறியது. டீச்சர் மட்டும் எழுந்து, "சார், அதுக்கு வயசாச்சில்லா..." என்று ஆரம்பித்தார். "வயசானவங்களுக்குத்தான் டீச்சர் மூளைக்கு வேலை வேணும்" என்று அங்கிள் சொன்னதும், எல்லோரும் டீச்சரைப் பார்த்துச் சிரித்தார்கள். டீச்சர் உட்கார்ந்துவிட்டார். இந்த ஊரில் அவருக்கு யார் இருக்கிறார்கள், ஒரு முயலைத் தவிர?

அன்றிலிருந்து அங்கிள் வீட்டு பால்கனியில் அட்டைக் குழாய்கள் மலை மாதிரி குவிந்தன. துணிக்கடைகளில் கேட்டு வாங்கியவை. காலையில் ஆபீஸ் கார் வருவதற்கு முன் டையோடு வந்து குழாய்களை அடைத்து ஒளித்துவிட்டுப் போவார். சாயங்காலம் வந்து எண்ணுவார். குழாய் காலி. மறுநாளும் காலி. கூண்டில் ஒரு தாள் தொங்கவிட்டு டிக் போட்டார். டிக், டிக், டிக். ஒரு வாரத்துக்குள் அந்தத் தாளைப் பார்த்தால் உலகத்திலேயே சந்தோஷமான முயல் உப்பலில்தான் இருக்கிறது என்று சத்தியம் செய்வீர்கள்.

முயலைப் பார்த்தால்?

முயல் ஒரு மூலையில், சுவரைப் பார்த்து, உருட்டி வைத்த பஞ்சு மாதிரி உட்கார்ந்திருந்தது.

"மக்களே, இங்க வந்து தடவிப் பாருடே" என்றார் டீச்சர். "முதுகெலும்பு கையில தட்டுது. இது ஒண்ணும் தின்னாதது மாதிரில்லா எனக்குத் தோணுது. சார்ட்ட சொன்னா, குழாய் காலியாத்தானே இருக்குன்னு சொல்லுகாரு. நான் கள்ளம் சொல்லுகேன்னு நினைக்காரு."

அங்கிளைக் கூட்டிவந்து காட்டினேன். அவர் தாளைப் பார்த்தார். "நூத்துக்கு நூறு" என்றார். அப்புறம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மூலையைப் பார்த்தார். "எவ்வளவு அமைதியா இருக்குது பாரு. அது திருப்திடா தம்பி. முன்ன இப்படி உக்காந்து பாத்திருக்கறயா?"

பார்த்ததில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் அமீர்பேட் பஸ்ஸை விட்டுவிட்டு ஜெனரேட்டர் ரூம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். இந்த மாதிரி வேலைகளில் எனக்குப் பொறுமை அதிகம். அங்கிள் குழாய்களை ஒளித்துவிட்டுப் போனார். நக்கோ எழுந்தது. ஒரு குழாயை முகர்ந்தது, பேப்பரைப் பல்லால் பிடித்து இழுத்தது, விட்டது, மறுபடி இழுத்தது, விட்டது. மூலைக்குத் திரும்பிப் போய்விட்டது. அப்புறம் வேப்பமரத்திலிருந்து ஒரு அணில் இறங்கி வந்தது. கம்பி வழியாக உள்ளே நுழைந்தது. பின்னாலேயே அதன் சொந்தபந்தம். தேடின, இழுத்தன, பிரித்தன, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தின்றன. இயல்பான நடத்தை என்றால் அப்படி ஒரு இயல்பான நடத்தை! அங்கிளின் திட்டம் பிரமாதமான திட்டம்தான். அணிலுக்கு.

கூட்டத் தீர்மானத்தை மீறி, ஓடிப்போய் இரண்டு இலை கிள்ளிக் கொடுத்தேன். சட்டம் என்னை ஒன்றும் செய்துவிடாது. ஆனால் அது முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. வந்த அன்றைக்குப் பிறகு, கையால் கொடுத்தும் வேண்டாம் என்றது அதுதான் முதல் தடவை.

சாயங்காலம் சொன்னேன். "அங்கிள், தின்னறது அணில். முயல் பட்டினி. டாக்டர்ட்ட காட்டணும்."

"அணிலா? நீ பாத்தயா? எத்தனை நாள் பாத்தே? ஒரு நாளா? ஒரு நாள் பாத்ததை டேட்டான்னு சொல்ல முடியாது தம்பி. இங்க பாரு, ஒரு வாரத்து டேட்டா. இதுக்குத்தான் இன்டர் பாஸ் பண்ணோணும்ங்கறது."

என்னைத் திட்டியது பரவாயில்லை, எனக்கு அது சாப்பாடு மாதிரி. ஆனால் டீச்சர் தானே ஆட்டோ பிடித்து டாக்டரிடம் போகிறேன் என்றபோது, "இப்ப இடம் மாத்தினா அதுக்கு பயம் வருமுங்க, நாலாவது சுதந்திரம் போச்சு, ஞாயித்துக்கிழமை அசோசியேஷன்ல பேசிட்டு முடிவெடுப்போம்" என்று கூண்டுச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார் பாருங்கள், அப்போதுதான் எனக்குள் இருந்த நல்ல பையன் ராஜினாமா செய்தான். அது சனிக்கிழமை. கூட்டம் ஞாயிறு சாயங்காலம். அதுவரை நக்கோ தாங்குமா என்று டீச்சர் யாரிடமும் கேட்கவில்லை. கூண்டுக் கம்பிக்குள் ஒரு விரலை விட்டு, மசிக் காதைத் தொட்டபடி உட்கார்ந்திருந்தார். பேப்பர் திருத்தவில்லை.

நேராக மூன்றாவது மாடிக்குப் போய், சௌம்யா ஆன்ட்டியிடம் முழுக்கதையையும் சொன்னேன். ஆன்ட்டி கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே கேட்டார். நறுக்கி முடித்ததும், "முதல் பாடம் கேக்காம போன்ல இருந்த மனுசன்" என்றார். "அந்தம்மா முதல்ல என்ன சொன்னாங்க தெரியுமாடா? எதையும் மாத்தறதுக்கு முன்னாடி, பிராணிகிட்ட போயி, வாயை மூடிட்டு உக்காந்து பாருங்கன்னாங்க. அது ஒண்ணுதான் எனக்கு ஞாபகம் இருக்குது. அவருக்கு அது ஒண்ணுதான் தெரியாது."

"ஆன்ட்டி, நாளைக்குக் காலைல அங்கிளுக்கு என்ன டிபன்?"

"இட்லி."

"அதை நான் வைக்கட்டுமா?"

ஆன்ட்டி என்னைப் பார்த்தார். பால்கனியில் இருந்த குழாய்க் குவியலைப் பார்த்தார். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம் வந்திருக்குமா, தெரியாது. "வெய்யி" என்றார். "என் மிக்ஸிய மட்டும் தொட்றாதே. அப்புறம், அவரு மூக்குக் கண்ணாடிய நான் எடுத்து வெச்சுக்கறேன். அது என் பங்கு."

ஞாயிற்றுக்கிழமை காலை தண்டபாணி அங்கிள் எழுந்து வந்தபோது சமையலறை துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. ஹால் சோபாவில் நானும் இர்பான் அண்ணனும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். உட்கார்ந்துகொண்டு கையைப் பின்னால் கட்டுவது கஷ்டம்தான், ஆனால் ஆய்வு என்றால் ஆய்வு.

"சௌம்யா, காப்பி எங்க?"

"வீட்லதாங்க இருக்குது" என்று ஆன்ட்டி செருப்பை மாட்டினார். "தேடிக் குடிங்க. மூளைக்கு நல்லது. நான் டீச்சர் வீட்டுக்குப் போறேன்."

அங்கிள் சிரித்தார். முதல் கால் மணி நேரம் எல்லா ஜீவன்களும் சிரிக்கும். டிகாஷன் ஃபிளாஸ்க்கை ஷூ ஸ்டாண்டுக்குப் பின்னால் கண்டுபிடித்து, பெருமையோடு எங்களைப் பார்த்தார். பால் கிடைக்கவில்லை. சட்னி டப்பா திரைச்சீலைக் கம்பியிலிருந்து கயிற்றில் தொங்கியது. கண்ணாடி இல்லாமல் அதை அவர் ஏதோ புது அலங்காரம் என்று விட்டுவிட்டார். இட்லிகள் குழாய்களுக்குள், குழாய்கள் மற்ற நூறு காலிக் குழாய்களுக்கு நடுவில், இரண்டு முனையிலும் அவர் படிக்கிற இங்கிலீஷ் பேப்பர், ஷேர் மார்க்கெட் பக்கம். ஒன்றை எடுத்துப் பேப்பரை இழுத்தார். நான் நன்றாகத் திணித்திருந்தேன். இன்னொன்றை இழுத்தார். வரவில்லை.

"பத்ரி, விளையாட்டு போதும்டா. எனக்கு மாத்திரை போடோணும், பசிக்குது."

"பசி ஒண்ணாவது சுதந்திரம், அங்கிள். நாங்க இப்ப அஞ்சாவதுல இருக்கோம்."

அப்படியே சோபா மூலையில் உட்கார்ந்துவிட்டார். சுவரைப் பார்த்தபடி. இர்பான் அண்ணன் எழுந்து போனார். வேப்பமரத்து அணில் மாதிரி சாவகாசமாக ஒரு குழாயை எடுத்தார், பேப்பரைப் பிடுங்கினார், இட்லியை எடுத்தார், திரைச்சீலைக் கம்பியிலிருந்து சட்னியை இறக்கினார், தொட்டுக்கொண்டு தின்றார். அடுத்தது. அடுத்தது. ஆந்திரா ஓட்டல் இட்லி தின்று நாக்கு செத்துப்போன மனுஷன், அவருக்கு நடிக்கவே தேவையில்லாமல் போயிற்று.

கதவைத் திறந்துகொண்டு ஆன்ட்டி வந்தார். குழாய்களை எண்ணினார்.

"எல்லாம் காலி! சாப்ட்டாச்சுங்களா? நல்லது."

"நான் எங்க சாப்ட்டேன்? எல்லாத்தையும் இர்பான் தின்னுட்டான்!"

"ஹவ், ஹவ்" என்றார் இர்பான் அண்ணன் வாய் நிறைய. "ஆனா சார், ஒரு நாள் பாத்ததை டேட்டான்னு சொல்ல முடியாதே."

"நீங்க தின்னலைன்னா குழாய் எப்படிங்க காலியாகும்?" ஆன்ட்டி கண்ணாடியை அவர் கையில் கொடுத்தார். "முன்ன எல்லாம் சட்னிக்கு உப்புக் கம்மின்னு கத்துவீங்க. இப்ப எவ்வளவு அமைதியா உக்காந்திருக்கறீங்க. திருப்தி போல."

அங்கிள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். காலிக் குழாயைப் பார்த்தார். இர்பான் அண்ணன் வாயோரத்துச் சட்னியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் சிரிக்கவில்லை. சிரிப்பதாகத்தான் திட்டம், ஏனோ வரவில்லை.

"அது... எப்ப இருந்துடா தின்னலை?" என்றார்.

லுங்கியோடும் பனியனோடும், லிஃப்ட்டுக்குக் காத்திருக்காமல், மூன்று மாடியும் இறங்கினார். சாவியால் கூண்டைத் திறந்தார். ஜெனரேட்டர் எண்ணெய் சிந்திய அந்தத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். டீச்சர் ஓடி வந்து ஒரு இலையை நீட்டினார். நக்கோ மெல்லத் தலையைத் தூக்கியது, இலையை வாயில் வாங்க முயன்றது, அப்போது அதன் முன்பற்கள் தெரிந்தன. ஒன்றின் மேல் ஒன்று கோணி, உள்பக்கம் வளைந்து வளர்ந்திருந்தன. இலை கீழே விழுந்தது. வேண்டாம் என்று அது ஒரு நாளும் சொல்லவில்லை. முடியவில்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

அங்கிளின் கைகள் பின்னால் இல்லை. இரண்டு கையாலும் அதை அள்ளி மடியில் வைத்துக்கொண்டார். அவர் ஒரு பிராணியைத் தொட்டது அதுதான் முதல் தடவை என்று ஆன்ட்டி பிறகு சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை என்று பாராமல் ஒரு மிருக டாக்டரை வீட்டில் போய்ப் பிடித்தோம். இர்பான் அண்ணன் கார் ஓட்டினார். பின் சீட்டில் டீச்சர், நான், நடுவில் அங்கிள் மடியில் நக்கோ. தார்நாகா ரோட்டில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவர், "மெல்ல, இர்பான், மெல்லங்க" என்று கெஞ்சினார். டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு ஜெபம் சொன்னார். எனக்குக் கண்ணில் தூசி.

டாக்டர் பல்லை வெட்டிச் சரி செய்தார், ஊசி போட்டார், நாளைக்குக் கொண்டுவந்திருந்தால் வெறும் கூண்டைத்தான் கொண்டுவந்திருப்பீர்கள் என்று தெலுங்கில் திட்டினார். "பெத்தவாரு, சூஸ்கோலேதா?" பெரியவர், பார்க்கவில்லையா? அங்கிளுக்குத் தெலுங்கு தெரியாது. இந்தக் கேள்வி மட்டும் புரிந்தது. தலையைக் குனிந்துகொண்டார். இனிமேல் கொஞ்ச நாள் எல்லாவற்றையும் மசித்துக் கையால் ஊட்ட வேண்டும் என்றார் டாக்டர்.

அன்று மத்தியானம் சௌம்யா ஆன்ட்டியின் மிக்ஸியில் கொத்தமல்லி அரைபட்டது. அங்கிள் விரலில் தடவி நீட்டினார். நக்கோ முகத்தைத் திருப்பிக்கொண்டது. அவர் விரலை எடுக்கவில்லை. வாயையும் திறக்கவில்லை. ரிசர்ச், டேட்டா, ஒன்றுமில்லை. நேரம் போயிற்று. கடைசியில் ஒரு சின்ன ரோஸ் நாக்கு வந்து விரலைத் தொட்டது. டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார்.

"டீச்சர்" என்றார் அங்கிள், ரொம்ப மெதுவாக. "நக்கோங்கறதே நல்ல பேருங்க."

இங்கேயே நிறுத்தினால் ஒரு நல்ல கதை. ஆனால் நான் உங்களுக்கு ஒரு இனத்தைப் பற்றிச் சொல்ல வந்தவன், இனம் அவ்வளவு சீக்கிரம் அழியாது. அடுத்த மாதம் அசோசியேஷன் கூட்டத்தில் அங்கிள் மறுபடி கம்ப்யூட்டரைச் சுவரில் காட்டினார். தலைப்பு: 'பிராணியின் அருகில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்து பார்ப்பது எப்படி.' ஒன்றரை மணி நேரம் பேசினார்.

ஆனாலும் தினமும் காலையில் ஆபீஸ் கார் வருகிற வரைக்கும் டையைத் தோளுக்குப் பின்னால் தள்ளிவிட்டுக்கொண்டு அந்தத் தரையில் உட்காருகிறார். கார் ஹாரன் அடிக்கும். எழுந்திருக்க மாட்டார். சாயங்காலம் டீச்சர் மறுபடி பேப்பர் திருத்துகிறார். அரை மார்க்குகள் மறுபடி தாராளமாகக் கிடைக்கின்றன.

நேற்று இரண்டாவது மாடிக் குட்டி ஒன்று, கோச்சிங்குக்குப் போகிற வயது இன்னும் வரவில்லை, கையில் ஒரு முழுக் கேரட்டோடு கூண்டுக்கு ஓடி வந்தது. நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, லேசாகக் குனிந்து, "அப்படி இல்லம்மா, கேரட்ல சக்கரை ஜாஸ்தி, ரிசர்ச் என்ன சொல்றதுன்னா..." என்று ஆரம்பித்துவிட்டேன். குழந்தை என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! பின்னாலிருந்து ஒரு சத்தம் கேட்டது. சௌம்யா ஆன்ட்டி. 'ச்சொ'.

இப்போது உங்களுக்கு வருகிறேன். இதைப் படித்துக்கொண்டு வரும்போது நடுவில் எங்கேயாவது, "முயலுக்கு இவ்வளவு கொத்தமல்லி கொடுக்கலாமா?" என்று உங்களுக்குத் தோன்றியதா? அந்தக் கூண்டு எத்தனை அடி என்று கேட்க நினைத்தீர்களா? நான் டீச்சராக இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று மனதுக்குள் ஒரு சின்னக் கூட்டம் நடத்தி, ஏகமனதாக ஒரு தீர்மானம் நிறைவேற்றினீர்களா? பயப்படாதீர்கள், யாரிடமும் சொல்ல மாட்டேன். ஆனால் இன்று ராத்திரி சௌம்யா ஆன்ட்டி போல உங்கள் வீட்டிலும் யாராவது உங்களைப் பார்த்துவிட்டு, பால்கனியையும் ஒரு பார்வை பார்த்தால், நாளைக் காலை எழுந்ததும் முதலில் கண்ணாடியைத் தேடுங்கள். இட்லி எங்கே போகப் போகிறது? வீட்டில்தான் இருக்கும்.